தீர்மானம் எண் இரண்டு

நியாயத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று இனி யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். திருத்தணி அடிவாரத்து மூன்று தெருக் குடிநீர்க் கூட்டமைப்பின் தலைவர் கோதண்டபாணி அவர்கள்தான். போன மாதம் ஒரே கூட்டத்தில் இரண்டு தடவை கண்டுபிடித்தார். நான் சாட்சி. அங்கே வால்வு திருப்புகிறவனும் நான், தீர்மானம் எழுதுகிறவனும் நான்.

தீர்மானம் எண் ஒன்று: தெருவுக்கு மூன்று உறுப்பினர் என்ற பழைய ‘அநீதி’ ஒழிந்தது. இனி தலைக் கணக்கு. நெசவுத் தெருவில் தலை குறைவு, ஆகவே உறுப்பினர் ஒருவர். ஏரிக்கரைத் தெருவுக்கு ஆறு, மிச்சத் தெருவுக்கு இரண்டு. உறுப்பினர்கள் கை தூக்கித்தான் தண்ணீர் முறை முடிவாகும். ஒருநாள் விட்டு ஒருநாள் வந்த தண்ணீர், நெசவுத் தெருவுக்கு இனி ஐந்து நாளைக்கு ஒரு தடவை.

நெசவுத் தெருவில் விசைத்தறி ஓட்டும் மணியம்மை எழுந்தார்.

“எங்க தெருவுல தலை ஏன் கொறைஞ்சுதுன்னு கேளுங்க. ரெண்டோட நிறுத்துன்னு ஊடு ஊடா வந்து சொன்னது யாரு? நீங்கதான எங்கள ஆபரேஷனுக்கு வேன்ல ஏத்தினீங்க?”

தலைவர் மறுக்கவில்லை. பெரிய மனிதர். பின்னால் சுவரைக் காட்டினார். ‘சிறந்த சிறுகுடும்பத் தெரு’ என்று நெசவுத் தெருவுக்கு அளித்த கேடயம், பாதுகாப்புக் கருதி ஆபீசிலேயே தொங்குகிறது.

“அதுக்குத்தான் ஷீல்டு குடுத்தாச்சேம்மா.”

“ஷீல்டுல தண்ணி புடிச்சிக்கினு போவ முடியாதுங்களே.”

ஏரிக்கரைத் தெரு பரந்தாமன், ஆறு பிள்ளைகளுக்கு நைனா, அன்பாகச் சொன்னார்: “நீயும் பெத்துருக்கலாமேக்கா. யார் வாணான்னா?”

கைகள் உயர்ந்தன. நிறைவேறியது. டீ வந்தது.

பிறகு தீர்மானம் எண் இரண்டு. இதற்குத் தலைவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்தார். ஜனத்தொகையைப் பார்த்து எம்.பி. தொகுதிகளைப் பிரித்தால் தமிழ்நாட்டின் குரல் தேய்ந்துபோகும் என்று தொடங்கினார்.

“ஆந்திராவுலருந்து போராடி மீட்ட மண்ணுங்க இது. சொன்ன பேச்சக் கேட்டு குடும்பத்த அளவா வெச்சிக்கினவனுக்குத் தண்டனையா? அவன் குரலப் புடுங்கறதுக்குப் பேரு ஒன்றியமா?”

கண் கலங்கினார். பரந்தாமனும் கலங்கினார். நான் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டேன். ஒருமனதாக நிறைவேற்றி, கையெழுத்திட்டு, தில்லிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். மணியம்மையும் கை தூக்கினார். அப்புறம் என்னிடம் ஒரு நகல் கேட்டு வாங்கிப் போனார்.

அடுத்த கூட்டத்தில் நெசவுத் தெருவின் மனு வந்தது. தலைவர் உரக்கப் படித்தார்: “சொன்ன பேச்சைக் கேட்டுக் குடும்பத்தை அளவாக வைத்துக்கொண்ட நெசவுத் தெருவின் குரலைப் பறிக்கும் குடிநீர்க் கூட்டமைப்பை வன்மையாக...”

நிறுத்தினார். முகம் சிவந்தது.

“கூட்டமைப்பையே ஒடைக்கிற பேச்சு இது. பிரிவினைவாதம். எந்தத் துரோகி எழுதிக் குடுத்தான்?”

“நீங்கதாங்க,” என்றார் மணியம்மை. “ரெண்டு எடத்துல பேரை மட்டும் மாத்தினேன். கீழ உங்க கையெழுத்து அப்படியே கீது பாருங்க.”

மனு தள்ளுபடி. காரணம்: போதிய ஆதரவு இல்லை. ஆதரித்த உறுப்பினர், ஒருவர்.

ஆனாலும் தலைவர் கண்டுபிடித்த நியாயத்தை யாரும் குறை சொல்லக் கூடாது. தில்லியில் புறப்பட்டு அவ்வளவு தூரம் ஓடி, நெசவுத் தெரு முனை வரைக்கும் வந்துவிடுகிறது. அங்கே ஒரு வால்வு இருக்கிறது. அதை மூடுகிறவன் நான்.