முந்நூறு வந்தால்தான் ஜாதகம்

விருத்தாசலம்,
கார்த்திகை, 1996

மரியாதைக்குரிய மாப்பிள்ளை ராஜ்மோகன் அவர்களுக்கு, மாமனார் கலியமூர்த்தி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு உடம்பளவில் எல்லோரும் சுகம். தங்கள் வேலைப்பளு தெரியும் என்பதால் சுருக்கத்தை முதலில் தருகிறேன்:

1. இளையவள் பூங்கோதையின் சம்பந்தம்.
2. தீபாவளிக்கு வந்தபோது என் கம்ப்யூட்டரில் தாங்கள் புது விண்டோஸ் ஏற்றியதில் தங்கள் தவறு எதுவும் இல்லை என்பது.
3. முந்நூறு.
4. நான் செய்த காரியம்.

தாங்கள் ரயிலேறிய மறுநாள் ஜாதக புரோகிராமைத் திறந்தேன். பெயரின் கடைசியில் 300 என்று முடியும் ஒரு ஃபைலைக் காணோம், அது வந்தால்தான் நான் வருவேன் என்று கட்டம் போட்டுச் சொன்னது, தாய்மாமன் வராமல் மணையில் உட்காரமாட்டேன் என்கிற மாதிரி. தாங்கள் ‘பழைய குப்பை’ என்று துடைத்ததில் அதுவும் போயிருக்கலாம். அல்லது நான் எதையாவது தொட்டிருக்கலாம். நான்தான் தொட்டிருப்பேன். தமிழ் எழுத்தும் அந்த புரோகிராமுக்குள்ளேயே இருந்ததால் வேறு வழியில் அச்சடிக்கவும் முடியவில்லை.

பெண்ணாடத்திலிருந்து பூங்கோதையைப் பார்க்க வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தார்கள். நானே பஞ்சாங்கம் பார்த்துக் கணித்த ஜாதகம் இருக்கிறது என்று பையனின் தகப்பனார் கோவிந்தசாமியிடம் மெல்லச் சொன்னேன். “அது வேணாங்க. கையால எழுதினா பொண்ணு வூட்டுக்காரங்க கிரகத்த நவுத்தி வச்சிடுறாங்க. ஒரு எடத்துல ஏமாந்துட்டோம். கம்ப்யூட்டர் தாளு இருந்தா வரோம், இல்லாட்டி கருவேப்பிலங்குறிச்சியில ஒரு பொண்ணு இருக்குது” என்றார்.

பஸ் ஸ்டாண்டு கம்ப்யூட்டர் சென்டரில் “முந்நூறு பழசு சார், நானூறு இருக்குது, எடுத்துக்குங்க” என்றார்கள். நானூறில் முந்நூறு அடங்கும் என்று, செராமிக் கம்பெனி ஸ்டோரில் காலமெல்லாம் கணக்குப் பார்த்த நான் நம்பினேன். கம்ப்யூட்டர் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை போலும். மறுபடி முந்நூறையே கேட்டது. கடைசியில், இதே புரோகிராம் வைத்திருக்கும் தங்கதுரையைத் தேடி நம் ஜில்லா மங்களூர் போய், முந்நூறை ஒரு ஃப்ளாப்பியில் வாங்கிவந்தால் வழியெல்லாம் மழை, ஃப்ளாப்பி நனைந்துவிட்டது, அதைப் பார்த்த பக்கத்துப் பொம்மைச் சூளை மாயவன், “குடுங்கய்யா, சூளை மேல வச்சா காஞ்சிடும். பச்ச பொம்மயே காயுது, இது காயாதா?” என்றார். மறுத்திருக்கவேண்டும். மறுப்பது எனக்கு வராது. ஃப்ளாப்பி அப்பளமாகத் திரும்பி வந்தது. மாயவன் அதைப் புரட்டிப் பார்த்து, “மண்ணு சரியில்லீங்க” என்றார்.

தங்கள் மாமியார் கொளஞ்சியம்மாள், “மாப்பிள்ளய ஒண்ணும் சொல்லாதீங்க” என்று அழுதாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பூங்கோதைதான், “நல்லா இருந்த பொட்டிய மாமா இன்னும் நல்லா ஆக்கிட்டுப் போயிட்டாங்களே” என்றாள். பிறகு ஒரு பழைய ஜாதகத் தாளை என்னிடம் நீட்டி, “பிரிண்டரு எழுத்த உத்துப் பாருங்கப்பா. வெறும் புள்ளிதான். நீங்க வைக்க மாட்டீங்களா?” என்றாள்.

வைத்தேன். ஓரத்தில் துளை போட்ட பிரிண்டர் தாளில், ஸ்கேல் பிடித்து, லக்னம் முதல் தசாபுத்தி வரை எல்லாம் புள்ளி புள்ளியாக. ஒரு கிரகத்தையும் நகர்த்தவில்லை என்று சத்தியம் செய்கிறேன். கோவிந்தசாமி தாளைத் தடவிப் பார்த்து, “மிஷினு மிஷினுதாங்க!” என்றார். தட்டு மாற்றிக்கொண்டோம்.

ஆனாலும் மனம் உறுத்துகிறது. முந்நூறைத் தபாலில் அனுப்பினால், உண்மையான தாளைக் கொடுத்து இதைத் திரும்ப வாங்கிவிடுவேன். தாங்களும் துர்காவும் குறைவின்றி வாழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கலியமூர்த்தி

பின்குறிப்பு: இது பூங்கோதையின் கையெழுத்து, நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். கடிதத்தை ஒட்டுமுன் தங்கதுரை வேறு ஃப்ளாப்பி கொண்டுவந்தார். முந்நூறு ஏறியது, ஜாதகம் அச்சானது, நான் கணித்தபடியே இருந்தது. பெண்ணாடம் போய்க் கொடுத்தேன். ரிப்பன் மங்கலாயிருந்ததால் கோவிந்தசாமி, “என்னா சம்பந்தி, இது கையால எழுதினதாட்டம் இருக்குதே” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். முதலில் கொடுத்த கம்ப்யூட்டரிலேயே தன் பங்காளிகள் அத்தனை பேருக்கும் ஜாதகம் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார். கல்யாணத்துக்கு முன் கொடுத்தாக வேண்டும். புள்ளி வைத்து வைத்து வலது கை விரல்கள் மடங்கவில்லை. மாப்பிள்ளை, மேலே இரண்டாவதாகச் சொன்னது தவறு.