மகான் அளந்த கை

தையல் ஆலை வாசலில் காலை எட்டு மணிக்கே தள்ளுமுள்ளு. சம்பள நாளில்கூட இப்படி ஒரு கூட்டம் கூடியதில்லை. எல்லோரும் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு நின்றார்கள். எதிரே, பெரிய குடையின் கீழ், தைல மகான். தொழில்: தடிப்பு இறக்குதல்.

ஆலையில் ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்ததும், ஆலை நர்ஸ் எல்லோர் முன்னங்கையிலும் பரிசோதனை ஊசி போட்டு, இரண்டு நாள் கழித்துத் தடிப்பை அளந்திருந்தார். பெரிதாகத் தடித்தவர்கள் எக்ஸ்ரே எடுக்கவேண்டும். எக்ஸ்ரேக்குப் பயந்தவர்களுக்கு மகான் கிடைத்தார்.

மகான் அளப்பார். "இருபத்திரண்டு!" கூட்டம் "ஐயோ!" என்னும். வந்தவர் காசு கொடுத்துப் புட்டி வாங்கியதும் தைலம் தடவி, எதையோ முணுமுணுத்து, மறுபடி அளப்பார். "ஒன்பது!" நோய் பதின்மூன்று மில்லிமீட்டர் பின்வாங்கிவிட்டதாம். ரொம்ப மரியாதை தெரிந்த நோய்!

'பட்டன் அக்கா' என்று ஆலையே கூப்பிடும் பெண்ணும் அவரிடம் போனாள். போன வருடமும் இதே ஊசி போட்டபோது அவள் தடிப்பு நாலு மில்லிமீட்டர். இந்த வருடம் பதினாறு. வீட்டில் எட்டு மாதக் குழந்தை.

"எக்ஸ்ரேக்கு ஏன்மா வரல?" என்றார் நர்ஸ்.

"அதான் மகான் இறக்கிட்டாரே சிஸ்டர்!"

"தடிப்பு கொஞ்ச நாள்ல தானா அமுங்கும். நாலு பதினாறாச்சே, அதைப் பாரு. கிருமி புதுசா உள்ள வந்திருக்கு. சாட்சி ஊரைவிட்டுப் போயிட்டா திருடனும் போயிட்டான்னு அர்த்தமா?"

"உங்களுக்கு அவர் மேல பொறாமை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் அக்கா.

நர்ஸ் மகானையே உள்ளே அழைத்தார். மகான் பூரித்துப்போய் வந்தார். ஆலையே கூடியிருந்த துணி வெட்டும் அறையில் ஒரு திரை. அதில் ஒரு ஓட்டை. கைகள் மட்டும் ஒவ்வொன்றாக வெளியே நீளும்.

"இது வைத்தியம் பார்க்காத கை" என்றார் நர்ஸ்.

"இருபத்தி நாலு! முத்திப்போச்சு!"

நடுவில் மூன்று கைகள் வந்துபோயின. ஐந்தாவது கை.

"இது நேத்து நீங்க தைலம் போட்ட கை."

"எட்டு! பார்த்தீங்களா?" கூட்டம் கைதட்டியது.

பட்டன் அக்காதான் திரையை இழுத்தாள். முதல் கையும் கடைசிக் கையும் கட்டிங் மாஸ்டருடையது. அதே கை, அதே தடிப்பு.

"எனக்குத் தைலம்னாலே தும்மல். ஒரு சொட்டுகூடப் போட்டதில்ல" என்றார் அவர்.

"என் பார்வை பட்டே இறங்கிடுச்சு!" என்றார் மகான். ஆலை சிரித்தது.

நர்ஸ் அக்காவின் விரலைப் பிடித்து அந்தக் கையில் வைத்தார். "கண்ணை மூடிக்கிட்டுத் தடவு. கெட்டியா மேடு தெரியுதா? அது மட்டும்தான் கணக்கு. சுத்தியிருக்கிற சிவப்பு கணக்கே இல்ல. இவரு முதல்ல சிவப்பை அளக்குறாரு, அப்புறம் மேட்டை அளக்குறாரு. அவ்வளவுதான் அற்புதம்!"

அக்கா கண்ணைத் திறந்தாள். "என் புள்ளைக்கும் ஒட்டியிருக்குமா சிஸ்டர்?"

"இன்னிக்கே ரெண்டு பேரும் வாங்க. பார்த்துடலாம்."

அதற்குள் மகான் பின்வாசல் வழியே மறைந்துவிட்டார். கிருமியைவிட வேகம்.

எக்ஸ்ரேயில் அக்காவின் நுரையீரல் சுத்தமாக இருந்தது. பதுங்கியிருக்கும் கிருமி தலைதூக்காமலிருக்க மாத்திரை கொடுத்தார்கள். குழந்தைக்கு ஒன்றுமில்லை. அன்றுதான் அக்கா அழுது தீர்த்தாள்.

நுரையீரலைப் படம் பிடிக்க இயந்திரம் இருக்கிறது. மூளை இருக்கிறதா என்று மட்டும் அவரவரே உபயோகித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும்.