வயர் காக்காவின் மைக்

கல்முனையில் எந்த இயர்போனும் வயர் காக்காவின் கை படாமல் குப்பைக்குப் போனதில்லை. காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன், ராத்தா என்றால் அக்கா. பாட்டு மட்டும் கேட்கிற இயர்போனைக் கொடுத்தால், வீட்டிலேயே அதற்கொரு மைக் பூட்டி, பேசவும் வைத்துத்தான் திருப்பித் தருவார். நீங்கள் கேட்டீர்களா என்பது அவருக்கு முக்கியமில்லை.

“காது மட்டும் இருந்து வாயில்லாட்டி அது என்ன சாமான் மனே? பொண்டாட்டி ஊட்டுக்கு வந்த மாப்பிள மாதிரி” என்பார். எங்கள் ஊரில் மாப்பிள்ளைகள் நாங்கள் எல்லோரும் பெண் வீட்டுக்குத்தான் குடிவருவோம். அவரும் அப்படி வந்தவர்தான்.

“உங்கட வாய்க்கு என்ன குறை?” என்று அடுப்படியிலிருந்து கத்துவார் மனைவி ஜெமீலா ராத்தா.

இயர்போன் நுனியில் இரண்டு கறுப்புக் கோடுள்ள பின்னை வெட்டி வீசிவிட்டு, மைக்குக்காக மூன்று கோட்டுப் பின் வைப்பார். செத்த போனிலிருந்து அரிசியளவு மைக்கைப் பிடுங்கி, ஈயம் வைத்து, பேனா மூடிக்குள் குடியேற்றுவார். பிறகு பக்கத்து வீட்டிலிருக்கும் எனக்குப் போனில் கோல் எடுத்து ஸலாம் சொல்வார். ஸலாத்துக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? பதில் வந்தால் மைக் வேலை செய்கிறது. ஒருநாள் பல் பிடுங்கிய வாயில் பஞ்சோடு பதில் சொன்னேன். மைக் சரியில்லை என்று கழற்றிவிட்டார்.

ராத்தாவுக்குத் தொண்டையில் ஒபரேஷன் நடந்த பிறகு அந்த வீட்டில் கத்தல் நின்றது. வெறும் காற்றுத்தான் வந்தது. ஒரே மகள் குவைத்தில் வீட்டுவேலை. வெள்ளிக்கிழமை மட்டும் கோல் எடுப்பாள், அங்கே கமெரா போட அனுமதியில்லை. மூன்று வெள்ளி உம்மாவின் குரல் அவளுக்குக் கேட்கவில்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு வீட்டில் நடந்த மரணத்தை, மவுத்துச் செய்தியை, மறைப்பது எங்கள் பழக்கம். அது அவளுக்கும் தெரியும்.

“உம்மா மவுத்தாகிட்டாவா வாப்பா? மறைக்காம செல்லுங்க!”

அந்த வாரம் காக்கா யாருடைய இயர்போனையும் தொடவில்லை. ராத்தாவின் உதட்டோரம் மைக்கைப் பிளாஸ்டரால் ஒட்டினார். முதல் மைக்கில் காகம் கேட்டது. அடுத்ததில் மீன்காரரின் ஹோர்ன். ஆறாவதில், சுவருக்கு இந்தப் பக்கம் என் போனில் ராத்தாவின் ஸலாம் கேட்டது. பதிலைச் சுவருக்கு மேலாலேயே கத்தினேன்.

வெள்ளிக்கிழமை மகளுக்கும் கேட்டது. “வஅலைக்கும் ஸலாம் உம்மா” என்று அழுதாளாம். அதன்பின் எட்டு வெள்ளிகள் தாயும் மகளும் கதைத்தார்கள்.

அடுத்த வெள்ளிக்கு முன் ராத்தா மவுத்தானார். மகளின் ஒப்பந்தம் முடியும்வரை மறைக்கும்படி சொந்தக்காரர்கள் சொன்னார்கள். காக்கா மறுத்துவிட்டார். என்னைப் பக்கத்தில் இருத்தி, இயர்போனின் ஒரு காதை எனக்குத் தந்துவிட்டு, மகளிடம் உள்ளதைச் சொன்னார்.



“இல்ல வாப்பா, உம்மா இரிக்கா. மைக்தான் பழுதாகியிருக்கும். இன்னொருக்கா ஈயம் வெச்சுப் பாருங்க.”

“ஓம் மகள், பாக்கிறன்” என்றார் காக்கா.  கோல் முடியும்வரை நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.