வேணியின் காந்தம்

பச்சைத் தேயிலை விலை படுத்துவிட்டால் ஊட்டி ஆபீஸ்கள் எழுந்து உட்காரும். அந்த வருஷம் விலை அடியோடு படுத்ததால், தேவாலா டீ ஃபேக்டரிக்கு ராமகிருஷ்ணன் என்ற சிறப்பு அதிகாரியே வந்து இறங்கினார். மெஷின் தேய்ந்து தூளில் இரும்புப் பொடி விழுவதால்தான் ஏலத்தில் நாதியில்லை என்று கண்டுபிடித்தார். அந்தப் பொடியை இழுத்தெடுக்க உடனே ஆணை பிறந்தது: "வளாகத்திலுள்ள காந்தங்கள் அனைத்தும் பொதுநலன் கருதித் தூள் சலிக்குமிடத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும்."

வம்பு அங்கேதான். தூள் சலிக்கும் வேணியின் மணிக்கட்டிலும் ஒரு காந்தம் இருந்தது. எந்த மாத்திரைக்கும் அடங்காத வலிப்பு அவளுக்கு. மூளையில் கத்தி வைக்க வழியில்லை என்ற கோயமுத்தூர் டாக்டர்கள், நெஞ்சுத் தோலுக்கடியில் சின்ன மெஷின் ஒன்றை வைத்து, ஒயரால் கழுத்து நரம்போடு இணைத்திருந்தார்கள். அதையும் மீறி வலிப்பு எட்டிப் பார்த்தால், காந்தத்தை அந்த மெஷின்மேல் ஒரு இழுப்பு இழுக்க வேண்டும், பெரும்பாலும் அடங்கிவிடும். பாவி மனுஷன் ராமகிருஷ்ணன் அந்தக் காந்தத்தையும் கழற்றச் சொன்னார்.

"ஏனுங்க சார், இது என்ற உசுருங்க."

"காந்தமா, இல்லையா?"

"காந்தந்தானுங்க."

"அப்ப ஆணைக்குள்ள வருதுங்கம்மா. வலிப்பு வந்தா விண்ணப்பம் குடுங்க, தந்தர்றோம்."

"வலிப்பு வந்தவ எப்படிங்க எழுதுவா?"

"அதுக்குத்தான் முந்தின நாளே குடுக்கோணும்."

கூட வேலை செய்யும் மாரியாயி, "வலிப்பு தபால் போட்டுட்டு வருமாக்கும்!" என்று தலையிலடித்துக்கொண்டாள்.

வலிப்புக்கு ஆபீஸ் நடைமுறை தெரியாது. விண்ணப்பமில்லாமலே ஒருநாள் வந்து வேணியை ஃபேக்டரி வாசலில் சாய்த்தது. வேணியின் காந்தம் எதுவென்று தேட நேரமில்லை. மாரியாயி அதிகாரியை வாய்க்கு வந்தபடி வைதுகொண்டே சலிக்குமிடத்திலிருந்த எல்லாக் காந்தத்தையும் கூடையில் வாரிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். வேணியுடையது கைக்கு அகப்பட்டதும் ஒரே இழுப்பு. அப்பாடா! வேணி கண் திறந்து தண்ணீர் கேட்டாள்.

அந்தக் களேபரத்தில் கூடை கிடந்த இடத்திலேயே கிடக்க, அன்றைய தூள் இரும்போடு மூட்டையாகிவிட்டது. இது தன் வேலைக்கே உலை வைத்துவிடுமோ என்று நடுங்கிய ராமகிருஷ்ணன், பாக்கெட்டில் அச்சடித்தார்: "இயற்கை இரும்புச்சத்து மலைத் தேநீர்."

ஊட்டிக்கு வந்த சனங்கள் அடித்துப் பிடித்து வாங்கினார்கள். மறு ஆணை பறந்தது: "சத்தை உறிஞ்சும் காந்தங்களை அவரவர் உடனடியாக எடுத்துச் செல்லவும்." வேணியைத் தூள் பக்கமே வராதபடி இலை எடை போடும் ஷெட்டுக்கு மாற்றினார்கள். காந்தம் மணிக்கட்டுக்குத் திரும்பிய சந்தோஷத்தில் அவள் ஃபேக்டரிக்கே மிட்டாய் கொடுத்தாள்.

ஒரு சாயங்காலம் ராமகிருஷ்ணன் கையில் ஒரு பாக்கெட்டோடு ஷெட்டுக்குள் நுழைந்தார்.

"வேணியம்மா, இது எங்க ஊட்டுக்கு. அந்தக் காந்தத்தைக் கொஞ்சம் குடுங்க, தூளுக்குள்ள ஒரு தடவை விட்டு எடுத்துக்கறேன்."

"அதுக்கென்னங்க சார், தாராளமா! விண்ணப்பத்தை மட்டும் முந்தின நாளே குடுக்கோணும்."

அவராவது மறுநாள் விண்ணப்பத்தோடு வந்தார். நாம்தான் மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கி, ரத்தம் ஊறுகிறதென்று அப்படியே குடித்துக்கொண்டிருக்கிறோம்.