ஜமீன்தாரின் மாத்திரையும் ஒரு கிண்ணம் சுரைக்காயும்

"தினம் ஒரு மாத்திரை. அதை உள்ளே இறக்குறது என் பொறுப்பு!" என்று சேல்ஸ்மேன் மார்தட்டினார். கால்நடை டாக்டரம்மா ஏனோ அவரை விட்டுவிட்டு அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

நோயாளியின் பெயர் ஜமீன்தார். சோபாவில் நல்ல பாதியை வளைத்துப் போட்டிருந்ததால் நாய்க்குக் கிடைத்த பட்டம். இப்போது ஜமீன் ஆட்டம் கண்டிருந்தது. உண்ணி கடித்து, கிருமி ரத்தத்தில் ஏறி, ஈறெல்லாம் வெளுத்து, வாலைத் தூக்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. மாத்திரை ஒழுங்காகப் போனால் பிழைத்துவிடும், போகாவிட்டால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டரம்மா.

"உங்களால முடியுமாங்க?" என்றாள் மனைவி.

"கிணத்துல குதிக்கப் போனவனுக்கே வாட்டர் ஃபில்டர் வித்தவன் நான். ஒரு நாயை ஏமாத்த முடியாதா?"

முடியவில்லை. ஈரலுக்குள் ஒளித்துக் கொடுத்தார். ஜமீன்தார் ஈரலை விழுங்கிவிட்டு மாத்திரையை அவர் காலடியில் துப்பியது. பொடித்துப் பாலில் கலந்தார். பால் ஆடை கட்டியது. வாயைப் பிளந்து உள்ளே தள்ளினார். விரலுக்குக் கட்டுப் போட வேண்டியதாயிற்று.

"மாத்திரையோட விரலையும் சேர்த்துக் குடுத்தீங்களாக்கும்?"

"கிண்டல் பண்ணாதே. அது சாகக் கிடக்குது!" கட்டுப் போட்ட விரலாலேயே அதன் தலையைத் தடவிக்கொடுத்தார்.

மனைவி அவரை ஒருமுறை பார்த்தாள். "சரி, விடுங்க. நான் பார்த்துக்கறேன். சாப்பிட வாங்க."

சாப்பாடு என்பது வேகவைத்த சுரைக்காய். தொப்பை சட்டைப் பொத்தான்களோடு தகராறு செய்ய ஆரம்பித்த நாள்முதல் அவருக்கு அதுதான் விதி. மனைவி தண்ணீர் எடுக்கத் திரும்பினால் போதும், துண்டு துண்டாக மேஜைக்கடியில் இறங்கிவிடும். ஜமீன்தார் அங்கே சத்தமில்லாமல் வரி வசூலிக்கும். படுத்த படுக்கையிலும் இந்த வசூலை மட்டும் அது விட்டுக்கொடுக்கவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக வால் அசைந்தது. பிறகு சோபாவில் நல்ல பாதி மறுபடி ஜமீன்தார் வசமானது. மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

"எப்படிம்மா மாத்திரை குடுத்தீங்க?"

"நான் எங்க குடுத்தேன்? இவர்தான் குடுத்தார்."

"நானா?" என்றார் சேல்ஸ்மேன்.

"சுரைக்காய்க்குள்ள வச்சு உங்க தட்டுல போட்டேன். நீங்க மேஜைக்கடியில போட்டீங்க. ஒருநாள்கூடத் தவறலை."

"அடிப்பாவி! என்னிக்காவது நானே தின்னிருந்தா?"

"கல்யாணமான நாள்லேர்ந்து அப்படி ஒரு நம்பிக்கை எனக்கு வந்ததே இல்லைங்க."

டாக்டரம்மா ரிப்போர்ட்டைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். "மாத்திரையைப் பாதியில நிறுத்திடாதீங்க சார். முழுசா முடிக்கணும்."

அன்றைய சாப்பாட்டில் ஒளிவுமறைவு இல்லை. அவர் ஒரு துண்டை வெடிகுண்டு போலப் பிடித்து நீட்டினார். ஜமீன்தார் துண்டைப் பார்த்தது. அவரைப் பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"சந்தேகப்படுதுங்க. நீங்க தின்னு காட்டுங்க."

"மாத்திரை?"

"அது அடியில இருக்கு. மேல இருக்கறது வெறும் காய்தான்."

உயிர்ப் பிரச்சினை. அவர் ஒரு துண்டை வாயில் போட்டார். "ஆஹா! அமிர்தம்!" என்று நாயைப் பார்த்துக் கண்களை உருட்டினார். நாய் கொட்டாவி விட்டது. இன்னொரு துண்டு. இன்னொரு ஆஹா. வாழ்நாளில் விற்ற அத்தனை ஃபில்டருக்கும் அவர் இவ்வளவு பாடுபட்டதில்லை. கிண்ணத்தின் அடி தெரிந்தது. கரண்டியால் சுரண்டிப் பார்த்தார்.

"ஏம்மா, மாத்திரையைக் காணோமே?"

"அதுவா? ஆஸ்பத்திரியில நீங்க வண்டி எடுக்கப் போனப்பவே டாக்டரம்மா ஊட்டி விட்டுட்டாங்களே. இன்னும் ரெண்டு கரண்டி போடட்டுமா?"