அத்தானின் காலில் ஊற்றிய இரும்பு

படித்தவனை வீட்டுத் தண்ணீர் டாங்கிக்குக் கிட்ட விடக்கூடாது. இரசாயனவியல் பரீட்சையில் திறமைச் சித்தி எடுத்தவன் என்றால், அந்த வளவுக்குள்ளேயே விடக்கூடாது. சித்தி எடுத்தவன் நான். டாங்கி, சாவகச்சேரியில் எங்கள் வீட்டு டாங்கி. நாள், அக்காவின் கலியாணத்துக்கு முதல் நாள்.

எங்கள் குழாய்க்கிணற்றுத் தண்ணீருக்கு ஒரு குணம் உண்டு. இறைக்கும்போது தெளிவாக வரும். வாளியில் சற்று நேரம் வைத்தால் மஞ்சளாகி, மேலே வானவில் நிறத்தில் ஓர் ஆடை படரும். டாங்கிக்குள் கை விட்டால் துரு நிறத்தில் வழுவழுவென்று ஏதோ தட்டுப்படும். நாங்கள் அதைக் குடித்தே வளர்ந்தோம். (அது உன்னைப் பார்த்தாலே தெரியும் என்பார், அன்று மாப்பிள்ளையாக வந்த அத்தான்.)

மாப்பிள்ளை வீட்டார் அச்சுவேலி. தங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிக் கேட்காமலே கதைப்பவர்கள். மாப்பிள்ளையோ சீதனமாக ஒரு சதமும் வேண்டாம் என்ற மனிதர். அப்படிப்பட்டவர்கள் எங்கள் வீட்டில் ஒரு குறை கண்டுவிடக்கூடாது என்று அம்மா சாப்பாடு தண்ணீர் இல்லாமல் திரிந்தார்.

“தண்ணியிலை எண்ணெய் மிதக்குது எண்டு சொல்லப்போகினம், தம்பி.”

“உது எண்ணெய் இல்லை அம்மா. ஈர்க்குச்சியாலை தொட்டுப் பாருங்கோ. எண்ணெய் எண்டால் திரும்பச் சேரும். இது துண்டு துண்டா உடையும். இரும்பிலை சீவிக்கிற பற்றீரியா.”

அம்மா தொட்டுப் பார்த்தார். உடைந்தது. என் தலைக்கனம் அந்த நிமிடத்தில் பந்தலை முட்டியது.

“சரி, அதை என்ன செய்யிறது?”

“கொல்லுறது.”

“நாளைக்குக் கலியாணம். டாங்கியிலை கை வையாதை. சமைக்கவும் குடிக்கவும் பவுசர் லொறியிலை தண்ணி வருது. அது காணும்.”

காணாது, போதவே போதாது என்று முடிவு செய்தேன். அன்று மத்தியானமே டாங்கியில் ஏறிக் குளோரின் தூளைக் கொட்டினேன். பற்றீரியா செத்தால் துருவும் ஒழியும் என்பது என் கணக்கு. இரும்பு என்பது பற்றீரியாவின் வீட்டுச் சொத்தல்ல, நிலத்தடித் தண்ணீரிலேயே கரைந்து வருவது என்பதை மறந்துபோனேன். காற்றுப் பட்டால் அது மெல்லத் துருவாகும். குளோரின் பட்டால் உடனே. கூட வரும் மங்கனீசு பிறகு ஆறுதலாகக் கறுக்கும். இரண்டையும் அடையவிட்டு, மணலில் வடித்த பிறகே தண்ணீரைத் தொடலாம். (இது பாடப் புத்தகத்தில் அடுத்த பக்கத்தில் இருந்தது. நான் எப்போதும் முதற்பக்கத்திலேயே விளங்கிக்கொள்கிறவன்.)

கலியாணத்தன்று காலை குழாயில் தண்ணீர் கண்ணாடிபோல வந்தது. ஆடை இல்லை, மஞ்சள் இல்லை. அம்மாவே என்னைப் பெருமையாகப் பார்த்தார். அழுக்கு முழுவதும் டாங்கியின் அடியில் படுத்திருந்தது எங்கள் ஒருவருக்கும் தெரியாது. வந்த சனமெல்லாம் கை கால் கழுவி டாங்கி வற்ற, யாரோ மோட்டரைப் போட்டார்கள். புதுத் தண்ணீர் மேலிருந்து விழுந்து அடியைக் கலக்கிய நேரம், மாப்பிள்ளை வந்து இறங்கினார்.

எங்கள் வழக்கப்படி பெண்ணின் தம்பிதான் தோழன். வாசலில் மாப்பிள்ளையின் கால் கழுவி உள்ளே அழைத்துவர வேண்டும். அவர் தோழனுக்கு மோதிரம் போடுவார். குழாயில் பிடித்த செம்பு ஒன்று என் கைக்கு வந்தது. மேலே பூ நிறைய மிதந்தது. குனிந்து, பக்தியோடு ஊற்றினேன்.

பால் விடாத பிளேன்டீ நிறத்தில் விழுந்தது. பின்னாலேயே தேயிலைச் சக்கைபோலக் கறுப்புத் துகள்கள். கால், அவர் நின்ற பலகை, பட்டு வேட்டிக் கரை எல்லாம் ஒரே நிறம். மேளம் அப்படியே நின்றுவிட்டது. (நிற்கவில்லையாம். வீடியோவில் நன்றாக அடிக்கிறார்கள்.) மனிதர் திரும்பிக் காரில் ஏறினால் அக்காவின் கதி என்ன என்று காரைத் திரும்பிப் பார்த்தேன்.

“இது என்ன, தோழன்?”

“இரும்பு, அத்தான். ஒட்சியேறித் துருவாப்போச்சு.”

“அப்ப கறுப்பு?”

“அது மங்கனீசு, அத்தான்.”

அந்த இடத்திலும் நான் பாடம்தான் எடுத்தேன். அவர் என்னைப் பார்த்தார். வாசற்படியில் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற அம்மாவைப் பார்த்தார். பிறகு என் ஈரக் கையைப் பிடித்து மோதிரத்தைப் போட்டார்.

“பயப்பிடாதை. தங்கம் துருப்பிடியாது.”

முதலில் சிரித்தது அம்மா. அழுதுகொண்டுதான் சிரித்தார்.

தேசிக்காயைப் பிழிந்து புளி விட்டால் கறை போய்விடும், வேட்டியைத் தாருங்கள் என்று பிறகு பலமுறை கேட்டிருக்கிறேன். அதுவும் சரியான இரசாயனவியல்தான். அக்கா வேட்டியை என் கண்ணிலேயே காட்டுவதில்லை. ஆனால் சொந்தத்தில் ஒரு கலியாணம் வந்தால் அத்தான் அதைத்தான் உடுப்பார். கரையில் என்ன பழுப்பு என்று யாராவது கேட்டால், நான் பக்கத்தில் வரும்வரை காத்திருந்து பதில் சொல்வார்:

“நான் சீதனம் வேண்டாம் எண்டுதான் சொன்னனான். அவை கேக்கேல்லை. வாசலிலையே இரும்பு தந்தவை. மங்கனீசு, தோழன் தன்ரை பங்குக்குத் தந்தது.”