ஆட்டம் மழையால் நின்றால் மட்டும் விற்பனைக்கு வரும் ஃப்ரீசர்

வீலர் கிராஸிங், நெப்ராஸ்கா
ஜூலை 19

மதிப்பிற்குரிய வானொலி நிலைய மேலாளர் திருமதி ட்வைலா ஹ்ரூஷ்கா அம்மையாருக்கு,

வணக்கம். நான் நலம், முழங்கால் மட்டும் நலமில்லை. நீங்களும் உங்கள் நிலையமும் அந்த நெட்டைக் கோபுரமும் இடி மின்னலுக்கும் சூறாவளிக்கும் தப்பி நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தாங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. ஹெரன்ஸ் அணியின் பேஸ்பால் ஆட்டம் மழையால் நிற்கும்போது நம் நிலையம் நடத்தும் 'வாங்க, விற்க' நிகழ்ச்சியில் நான் ஒரே ஃப்ரீசரைப் பதினோரு முறை அறிவித்தேனாம், பதினோரு முறையும் விற்க மறுத்தேனாம், புகார் வந்திருக்கிறதாம், ஆகவே இனி என் அழைப்பு ஏற்கப்படாதாம். எழுபத்து நாலு வயதில் ஒரு மனிதனை ரேடியோவிலிருந்து தள்ளிவைப்பது நியாயமா? நீங்கள் மார்ச் மாதம்தான் ஒமாஹாவிலிருந்து இந்த ஊருக்கு வந்தீர்கள். நானோ நாற்பத்தொரு வருடமாக உங்கள் நிலையத்தில் ஹெரன்ஸ் ஆட்டம் கேட்கிறவன். அதில் அவர்கள் உருப்படியாக ஆடிய வருடங்களை ஒரு கை விரலில் எண்ணிவிட்டு, மீதி விரலால் மூக்கைச் சொறிந்துகொள்ளலாம். ஆனாலும் கேட்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். மே மாதம் ஒரு சனிக்கிழமை, இருநூறு மைல் தள்ளி மைதானத்தில் மழை. இங்கே மண்டையைப் பிளக்கும் வெயில். நான்காவது இன்னிங்ஸில் ஆட்டம் நின்றது. உங்கள் அறிவிப்பாளர் கேலன், "விக்கிறவங்க, வாங்கறவங்க போன் பண்ணுங்க" என்று கெஞ்சுகிறார், ஒருவரும் கூப்பிடவில்லை. பாவமே என்று நான் கூப்பிட்டேன். "என்ன விக்கறீங்க?" என்றார். அதை யோசிக்கவே இல்லை. சட்டென்று நிலவறை ஃப்ரீசர் ஞாபகம் வந்தது, சொல்லிவிட்டேன். அரை மணி நேரத்தில் தானியக் கிடங்கு வெண்டெல் வாசலில் நின்றார். ஃப்ரீசரை இரண்டு நிமிடம் பார்த்தார், காபியும் சினமன் ரோலும் வைத்துக்கொண்டு மருமகளைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார், வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு நான் இரண்டு கோப்பை கழுவினேன் அம்மா. என் மனைவி லோர்னா இறந்து இரண்டு வருடமாகிறது. அதுவரை ஒரு கோப்பைதான் கழுவிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு மழை வந்தால் கை தானாகப் போனுக்குப் போகிறது. கேலனும், "நேயர்களே, மழையும் வந்துருச்சு, டெல்மாரும் வந்துட்டாரு. என்னய்யா, இன்னுமா அந்தப் பெட்டி போகல?" என்று ஊர் கேட்கக் கிண்டல் செய்வார். நாற்பது வருடம் ஹெரன்ஸ் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டியவன், இப்போது மூன்று ஓட்டம் முன்னிலையில் இருக்கும்போதுகூட மேகம் கூடட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். என் பாவம் என்னோடு.

புகார் கொடுத்தவர்கள் யாரென்று எனக்குத் தெரியும். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. வந்ததும் வராததுமாக அந்தப் பெண், "பிடிச்சிருக்கு, எடுத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டாள். ஒரு வாய் காபிகூடக் குடிக்கவில்லை!

"மூடி கையில விழும்மா" என்றேன்.

"பரவால்ல தாத்தா."

"கதவு வழியா வெளிய வராதும்மா."

"அப்ப உள்ள எப்படிப் போச்சு?" என்றான் அவன்.

"ஃப்ரீசர வெச்சுட்டுத்தான் வீட்டையே கட்டினோம்."

அந்தப் படுபாவி டேப்பை எடுத்துக் கதவை அளந்து, ஒரு சாண் மிச்சமிருக்கிறது என்றான். மனைவியைக் கேட்க வேண்டும் என்றேன். "அவங்க எங்க?" என்று கேட்டான். வெளியே போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். அதுதான் இந்த விவகாரத்தில் நான் சொன்ன பெரிய பொய். மற்றதெல்லாம் சில்லறை.

உண்மையைச் சொன்னால், தனியாக இருக்கிறேன் அம்மா. ரேடியோ ஒன்பது இன்னிங்ஸும் என்னோடு பேசுகிறது, ஆனால் நான் திருப்பிப் பேசினால் அதற்குக் காது கேட்பதில்லை. மழை நேரத்தில் மட்டும்தான் கேட்கிறது. ஆகவே தடையை நீக்கும்படி வேண்டுகிறேன். ஃப்ரீசர் கூடாது என்றால் ஏணியை அறிவிக்கிறேன். அதையும் விற்க மாட்டேன்.

உங்கள் அலைவரிசை கரகரப்பில்லாமல் கடைசிப் பண்ணை வரை சென்று சேர வாழ்த்துகிறேன். கேலனுக்கு என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
டெல்மார் வோய்ட்
பள்ளிப் பேருந்து ஓட்டுநர் (ஓய்வு)

பி.கு.: தபால்தலை இல்லாமல் இக்கடிதம் இரண்டு நாள் மேசைமேல் கிடந்தது. நேற்று மழையும் இல்லை, அறிவிப்பும் இல்லை. ஆனாலும் ஒரு பெண்மணி ஃப்ரீசர் பார்க்க வந்தார். ஆறாவது இன்னிங்ஸில் வந்தவர் ஆட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்றார். நான் வழக்கம்போல, "ராத்திரி பூரா உறுமும்மா, தூங்க விடாது" என்றேன். "உறுமட்டுங்க. நான் இருக்கிற வீட்டுல நானா ஏதாவது கீழ போட்டாத்தான் சத்தம்" என்று சொல்லிப் பணத்தைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். பிற்பாடு வெண்டெல் வந்து, "யோவ், அது ஸ்டேஷன் மேனேஜரம்மாய்யா! உன் பொய்ய நேர்ல பாக்க வந்திருக்காங்க" என்றார்.

ஆகவே மேலே எழுதியது அத்தனையும் வாபஸ். ஃப்ரீசர் உங்களுடையது, தடையும் அப்படியே இருக்கட்டும். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது உறுமாது. இருபது வருடத்தில் ஒரு முனகல்கூடக் கிடையாது. சத்தத்துக்காக வாங்கியிருந்தால் நன்றாக ஏமாந்துவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை வெண்டெலின் வண்டியில் அதைக் கொண்டுவருகிறேன். வந்த கையோடு, ஆட்டம் முடியும்வரை இருந்துவிட்டுப் போகட்டுமா? நான் நடுவரைத் திட்டினால் மூன்று வீடு தள்ளிக் கேட்கும்.